கியர் திடீரென்று கைவிட்டால்: வயரா, ஹாங்கரா, டெரெய்லரா?

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் சோழகக் காற்று எதிரே அடிக்கிறது. கியர் லீவரை அழுத்தினால் செயின் ஏறவில்லை, அல்லது ஏறி அடுத்த மிதியிலேயே விழுந்துவிடுகிறது. ரோட் பைக் ஓடுபவர்கள் உடனே குனிந்து பார்ப்பது, செயினைப் பற்சில்லுக்குப் பற்சில்லு தள்ளும் பின் டெரெய்லரைத்தான். வெளியே தொங்குவதும் அழுக்கேறிக் கிடப்பதும் அதுதானே, பழியும் அதன்மேல் விழுகிறது. திடீர்ப் பழுதில் டெரெய்லரே குற்றவாளியாக இருப்பது குறைவு. முதலில் வயர், அடுத்தது டெரெய்லரைத் தாங்கும் ஹாங்கர், பிறகு லீவர், கடைசியில் டெரெய்லர் என்று சந்தேகப்படுங்கள். இந்த வரிசையில் போனால் மலிவான சாமானில் தொடங்குவீர்கள்.

அதற்கும் முன் ஒரு நிமிட வேலை இருக்கிறது. பஞ்சர் ஒட்டிய கையோடு இந்தப் பிரச்சினை வந்திருந்தால், பின் சில்லு அச்சுக் காடியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மேலேறிப் பூட்டப்பட்ட சில்லு, நெளிந்த ஹாங்கர் காட்டும் அதே குணத்தைக் காட்டும். முன்னால் பெரிய பற்சில்லில் ஓடும்போது, பின்னால் எந்தக் கியரிலும் ஏறக்குறைய இரண்டு மிதிச் சுற்றுக்கு ஒருதரம் செயின் துள்ளினால் அது இறுகிப்போன ஒரு கண்ணி. 108 கண்ணியுள்ள செயின் 50 பல்லு முன் பற்சில்லில் ஒரு முழுச் சுற்று வர 2.16 மிதிச் சுற்று வேண்டும், கணக்கு அதுதான்.

வயரும் ஹாங்கரும்: அடையாளத்தில் என்ன வித்தியாசம்?

வழமையான ரோட் டெரெய்லரில் ஸ்பிரிங் செயினைச் சிறிய பற்சில்லுப் பக்கம் இழுக்கும். பெரிய பற்சில்லுக்கு ஏற்றுவது வயரின் இழுவை. வயர் அறுந்தாலோ கழன்றாலோ செயின் நேரே மிகச் சிறிய பற்சில்லுக்கு வந்து அங்கேயே கிடக்கும், எத்தனை தரம் லீவரை அழுத்தினாலும் அசையாது. ஹாங்கர் நெளிந்தால் அப்படி ஒரேயடியாக விழுவதில்லை. இரண்டு கியர் சரியாக விழும், மூன்றாவது சத்தம் போடும், நான்காவது தாவிப் போகும். வயர் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் சரிக்கட்டுத் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு கியர் சரிவர இன்னொன்று கெடும்.

இடையில் ஒரு நிலை உண்டு. வயர் தளர்ந்தால் பெரிய பற்சில்லுக்கு ஏறுவது தாமதிக்கும். வயர் உறைக்குள் துருவோ மணலோ சேர்ந்து உராய்ந்தால் சிறியதற்கு இறங்குவது தாமதிக்கும், ஏனென்றால் அந்த உராய்வை ஸ்பிரிங் தனியாக வெல்லவேண்டும். பொன்னாலைப் பாலம், காரைநகர்ப் பக்கம் என்று கடற்காற்றில் அடிக்கடி ஓடும் சைக்கிளில், டெரெய்லருக்குப் போகும் கடைசி வளைவு உறைதான் முதலில் துருப்பிடிக்கும் இடம். அந்தச் சின்னத் துண்டை மட்டும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

நிச்சயப்படுத்த ஒரு சோதனை. பின் சில்லைத் தூக்கி மிதியைச் சுற்றிக்கொண்டு, சட்டத்தின் கீழ்க்குழாய் ஓரமாக வெளியே தெரியும் வயரை வில்லு நாணைப்போல் விரலால் இழுங்கள். செயின் ஒவ்வொன்றாக ஏறி, விட்டதும் இறங்கினால், அந்த இடத்துக்குப் பின்னால் எல்லாம் நலம். பழுது லீவர்ப் பக்கம். வயர் சட்டத்துக்குள் போகும் சைக்கிளில் டெரெய்லரின் உடலையே கையால் உள்நோக்கித் தள்ளிப் பாருங்கள்.

வயர் எங்கே அறுகிறது

வெளியே தெரியும் இடத்தில் வயர் அறுவது அரிது. லீவருக்குள், வயர்த்தலைக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தள்ளித்தான் அறும். அங்கே அது சிறிய உருளை ஒன்றைச் சுற்றி ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வளைந்து நிமிர்கிறது. வயர் ஹான்டில் நாடாவுக்குக் கீழால் போகும் ஷிமானோ லீவர்களில் அந்த வளைவு இன்னும் இறுக்கம். சில ஆயிரம் கிலோமீற்றரில் இழை இழையாகத் தெறிக்கத் தொடங்கும். ஆகவே "திடீர்" என்பது பாதிதான் உண்மை. அதற்கு முதல் வாரமே கியர் ஒழுங்கு தப்பியிருக்கும், நீங்களும் சரிக்கட்டுத் திருகை இரண்டு மூன்று தரம் திருப்பியிருப்பீர்கள். நான்காம் தரம் திருப்பாமல் வயரை மாற்றுங்கள்.

அறுந்தபின் லீவரைத் தட்டிக்கொண்டே இருக்கக்கூடாது. பிசிறிய இழைகள் பல்லிணைப்புக்குள் போய்ச் சிக்கினால் ஒரு வயரோடு முடிய வேண்டிய செலவு லீவர்வரை போகும். லீவரை மிகச் சிறிய பற்சில்லு நிலைக்கு முழுதாக விடுவித்தால் வயர்த்தலை வெளித்துளைக்கு நேரே வரும். ரப்பர் உறையை விலக்கி, ஊசிமூக்குக் குறட்டால் மெதுவாக எடுங்கள்.

லீவருக்குள் வயர் அறவில்லையென்றால், டெரெய்லரில் வயரைப் பிடிக்கும் போல்ட்டைப் பாருங்கள். போல்ட் நசுக்கிய தட்டை அடையாளம் வெளியே நகர்ந்திருந்தால் வயர் வழுக்கியிருக்கிறது. ஷிமானோவில் அந்தப் போல்ட்டுக்கு இறுக்கம் 6 முதல் 7 நியூற்றன் மீற்றர்.

ஹாங்கர்: நிமிர்த்துவதா, மாற்றுவதா?

ஹாங்கர் என்பது டெரெய்லரைச் சட்டத்தில் தாங்கும் சின்னத் துண்டு. வலப்பக்கம் விழுந்த சைக்கிளிலும், கொழும்பிலிருந்து பஸ்ஸில் வலப்பக்கம் கீழே கிடந்து வந்த சைக்கிளிலும் இதை முதலில் சந்தேகிக்கவேண்டும். பின்னால் குந்தியிருந்து பாருங்கள்: டெரெய்லரில் செயின் ஓடும் இரண்டு குட்டிச் சில்லுகளும் அவற்றுக்கு மேலுள்ள பற்சில்லும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். கீழ்ப்பகுதி உள்ளே, கம்பிகளை நோக்கிச் சாய்ந்திருந்தால் நெளிவு. இதில் பெரிய ஆபத்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் தெரியாது. இங்கே ஏற்றமே இல்லாததால் மிகப் பெரிய பற்சில்லுக்கு வேலையில்லை. நெளிந்த ஹாங்கரோடு மாதக்கணக்கில் ஓடிவிட்டு, மலைநாட்டுக்குப் போய் முதல் ஏற்றத்தில் கடைசிக் கியரைப் போட்டால் டெரெய்லர் சில்லுக் கம்பிக்குள் போய்விடும். ஹாங்கரும் டெரெய்லரும் கம்பிகளும் ஒன்றாகப் போகும்.

ஹாங்கரின் புரி 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. விரைவுப் பூட்டுள்ள பின் சில்லுகளின் அச்சுக்கும் பெரும்பாலும் இதே புரிதான். அளவுக்கருவி இல்லாதபோது இது கைகொடுக்கும்: டெரெய்லரைக் கழற்றி, அதே அளவு இன்னொரு பின் சில்லின் அச்சை ஹாங்கரில் திருகுங்கள். இரண்டு றிம்முக்கும் இடையிலான தூரத்தை மேல், கீழ், முன், பின் நான்கு இடங்களில் அளந்தால் நெளிவு எந்தப் பக்கம் என்று தெரியும். 4 மி.மீ. வரை வித்தியாசத்தைப் பொறுக்கலாம், 11 கியர் கசெற்றில் (பின் பற்சில்லுத் தொகுதியில்) அதையும் குறைத்தால் நல்லது. அதே சில்லைப் பிடித்து மெல்ல மெல்ல நிமிர்த்தவும் முடியும். சாதாரணச் சைக்கிளின் 3/8 அங்குல அச்சை மட்டும் இதில் திருகிவிடாதீர்கள், புரி அழிந்துபோகும்.

பழைய இரும்புச் சட்டத்தில் ஹாங்கர் சட்டத்தோடு ஒட்டியது. நிமிர்த்துவதுதான் வழி, இரும்பும் அதைத் தாங்கும். அலுமினிய ஹாங்கரை ஒருதரம் நிமிர்த்தலாம். இரண்டாம் தரம் நெளிந்ததை, அல்லது புரிக்கருகே மயிரளவு வெடிப்புத் தெரிவதை, எறிந்துவிடுங்கள். மாற்றுவதில் உள்ள சிக்கல் வடிவம்: பெரும்பாலும் சட்டத்துக்குச் சட்டம் வேறு, பொதுவான அளவு என்று கடையில் கேட்டு வாங்க முடியாது. கழற்றி இரு பக்கமும் அடிமட்டத்தோடு படம் எடுத்து, துளைகளுக்கிடையிலான தூரத்தை ஒப்பிட்டே எடுப்பிக்கவேண்டும். வந்துசேர நாளாகும் என்பதால் சைக்கிள் நன்றாக ஓடும்போதே ஒன்றை வாங்கி வைப்பது புத்தி.

லீவர்ப் பழுது அறிய எளிது. வயர் முழுதாக இருந்தும் லீவர் 'டிக்' சத்தமில்லாமல் தொளதொளவென்று ஆடினால், உள்ளே கிறீஸ் பிசினாகி பல்லிணைப்பு ஒட்டியிருக்கிறது. பாவித்து இறக்குமதியான பழைய ஷிமானோ லீவர்களில் இது சர்வசாதாரணம். கிறீஸ் கரைக்கும் ஸ்பிறேயை உள்ளே தாராளமாக அடித்து, நூறு தரமாவது தட்டி, ஒழுகவிட்டு, பின் மெல்லிய எண்ணெய் விடுங்கள். பெரும்பாலும் உயிர் வரும்.

கடையில் எதை வாங்குவது

பிறேக் வயர் மூலைக்கு மூலை கிடைக்கும், அதைக் கியருக்குப் போடலாமா என்பது வழமையான கேள்வி. முடியாது. கியர் வயர் ஏறக்குறைய 1.2 மி.மீ., பிறேக் வயர் 1.5 அல்லது 1.6. தலையும் வேறு வடிவம். உறையிலும் ஏமாறவேண்டாம்: பிறேக் உறை சுருள் கம்பி, அழுத்தும்போது சற்றுச் சுருங்கும், கியர் துல்லியமாக விழாது. கியர் உறையின் கம்பிகள் நீளவாக்கில் ஓடுபவை. அதைப் பிறேக்குக்குப் போட்டால் இறுக்கிப் பிடிக்கும் நேரத்தில் வெடித்துத் திறக்கலாம், அது உயிராபத்து.

வழியில் அறுந்தால் முன்னால் சிறிய பற்சில்லுக்கு வாருங்கள். 34 பல்லும் 11 பல்லும் சேர்ந்தால் 50க்கு 16 போட்டதுபோல் இருக்கும், காற்றிலும் வீடு வரலாம். மிதியைச் சுற்றிக்கொண்டே, சிறிய பற்சில்லுப் பக்கம் டெரெய்லர் எவ்வளவு போகலாம் என்று தடுக்கும் 'எச்' திருகை உள்ளே இறுக்கினால் ஒன்றிரண்டு பற்சில்லு மேலே நிற்கவைக்கலாம். ஹாங்கரே முறிந்திருந்தால் செயினைக் குறுக்கி ஒற்றைக் கியராக்க வேண்டியதுதான். செயின் கோடு நேராக இல்லாவிட்டால் அது பக்கத்துப் பெரிய பற்சில்லுக்கு ஏறி இறுகிவிடும் என்பதை மறக்கவேண்டாம்.

டெரெய்லரையே மாற்றவேண்டியது எப்போது? ஸ்பிரிங் முறிந்தால், உப்பில் மூட்டுகள் இறுகி எண்ணெய்க்கும் அசையாவிட்டால், குட்டிச் சில்லுக் கூடு முறுகினால். ஷிமானோவில் மேல் குட்டிச் சில்லு பக்கவாட்டில் சற்று ஆடும், அது வேண்டுமென்றே வைத்த ஆட்டம், அதைப் பழுதென்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். வாங்கும்போது கியர் எண்ணிக்கையைவிட வயர் இழுவை விகிதம் முக்கியம், அதாவது வயரை இவ்வளவு இழுத்தால் டெரெய்லர் எவ்வளவு நகரும் என்பது. ஷிமானோவின் 8, 9, 10 கியர் ரோட் டெரெய்லர்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். 11 கியருடையது அவற்றோடு சேராது, ஸ்ராம், கம்பக்னோலோ நிறுவனச் சாமான்களும் சேரா. 10 கியர் வகையில் ஒரு பொறி ஷிமானோவின் தியாக்ரா 4700. பெயரளவில் 10 கியர், இழுவையில் 11 கியர்க் குடும்பம், பழைய 10 கியர் லீவரோடு ஒருநாளும் ஒழுங்காக விழாது. டெரெய்லரின் பின்பக்கம் எண் பொறித்திருக்கும், புரட்டி வாசித்தபிறகு விலை பேசுங்கள்.