கண்ணாடி மாதிரி ரெசின் வேண்டுமா? முதலில் அச்சைப் பாருங்கள்

ரெசின் (ஊற்றியபின் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் "எந்த ரெசின் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். நிறம் கலந்த கீசெயினோ கோஸ்டரோ செய்ய அந்தக் கேள்வி போதும். உள்ளே காய்ந்த பூவோ கல்யாண மாலையின் இதழ்களோ தெரிய வேண்டிய தெளிவான கட்டி என்றால் கதை வேறு. அங்கே வேலையைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் அச்சுதான். அச்சுக்கான சிலிக்கோன் ரப்பர், மூலத்தின், அதாவது அச்சு எடுக்க வைக்கும் மாதிரிப் பொருளின், மேற்பரப்பை அப்படியே படியெடுக்கும். மூலம் பளபளத்தால் வார்ப்பும் பளபளக்கும். மூலத்தில் உப்புத்தாள் தேய்த்த தடம் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எபாக்ஸி ரெசினும் மங்கலாகத்தான் வெளியே வரும்.

சொந்தமாக அச்சு செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றில் மலிவானது ஹார்டுவேர் கடை சிலிக்கோன் சீலன்ட். வினிகர் வாடை அடிக்கும் வகையை வாங்கி, சோள மாவைத் தூவிப் பிசைந்து, மூலத்தின் மேல் அப்புவது. சீலன்ட் ஈரத்தை உறிஞ்சி இறுகும் சரக்கு. தனியாகத் தடிமனாக அப்பினால் வெளியே தோல் கட்டி, உள்ளே நாள் கணக்கில் இளகியே கிடக்கும். மாவு அந்த ஈரத்தை உள்ளே கொண்டு போகிறது, அவ்வளவுதான். ஆனால் இது ஊற்றும் பொருள் இல்லை, அழுத்தும் பொருள். அழுத்தும்போது மூலைகளில் காற்று சிக்கும், மடிப்பு விழும், அந்த மடிப்பெல்லாம் ரெசினில் கோடாகத் தெரியும். கறுப்பு, வெள்ளை வார்ப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம். தெளிவான ரெசினுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி தகர (டின்) சிலிக்கோனுக்கும் பிளாட்டினம் சிலிக்கோனுக்கும்தான்; எதை வைத்து இறுகுகிறதோ அதுவே பெயர். கடையில் இரண்டையும் "ஆர்.டி.வி. ரப்பர்" (அறை வெப்பத்தில் இறுகும் ரப்பர்) என்றே கொடுப்பார்கள், அதனால் டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெரிய டப்பாவும் கூடவே மருந்துக் குப்பி அளவில் ஒரு கேட்டலிஸ்ட்டும் (இறுக வைக்கும் திரவம்) வந்தால் அது பெரும்பாலும் தகரம். ஏ, பி என்று சம அளவில் இரண்டு டப்பா வந்தால் பெரும்பாலும் பிளாட்டினம்.

தகர வகையின் பெரிய பலம், அது எதன் மேலும் முகம் சுளிக்காமல் இறுகும். களிமண், மரம், மெழுகு, பிளாஸ்டிக், எதுவானாலும் சரி. சிலை வார்க்கும் பைபர் பட்டறைகளில் அதற்கு மவுசு இருப்பது இதனால்தான்; விலையும் குறைவு. பலவீனம் பின்னால் வரும். இறுகும்போது கொஞ்சம் ஆல்கஹாலை வெளியே விடுகிறது. அது போகப் போக அச்சு சுருங்கும். சுருக்கம் 1 சதவீதம் வரை போனால், 10 செ.மீ. கனசதுரத்தில் ஒரு மி.மீ. காணாமல் போகும். பேப்பர்வெயிட்டுக்கு அது பொருட்டில்லை. இரண்டு பாதியாக வார்த்து ஒட்டும் உருண்டைக்கோ மூடி பொருந்த வேண்டிய பெட்டிக்கோ பொருட்டுதான். அதைவிடத் தொல்லை, முழுசாக உலராத அச்சில் தெளிவான ரெசினை ஊற்றுவது. அச்சைத் தொட்ட பக்கமெல்லாம் பிசுபிசுப்பாகவோ புகை மூட்டமாகவோ நிற்கும். அச்சைக் கழற்றியபின் 65 டிகிரி வெப்பத்தில் நாலு மணி நேரம் வைத்தாலோ, காற்றோட்டமான இடத்தில் சில நாள் விட்டாலோ இது தீரும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற சரக்கு இல்லை.

பிளாட்டினம் அப்படிச் சுருங்காது, 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஆல்கஹால் விடும் வேலையும் இல்லை. பல வகைகள் ஒளி ஊடுருவும்படி இருப்பதால் உள்ளே மூலம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கத்தி வைக்கலாம். எந்த மூலையில் குமிழி நிற்கிறது என்பதும் தெரியும். விலை கணிசமாகக் கூட. அப்புறம், மகா கோபக்காரச் சரக்கு. கந்தகம், தகரம், அமீன், மூன்றில் எது பட்டாலும் அந்த இடம் இறுகாது. கந்தகம் கலந்த பிளாஸ்டிசின் களிமண், லேட்டக்ஸ் கையுறை, ரெசின் வகை 3டி பிரின்டரில் அச்சடித்த மூலம், நேற்று தகர சிலிக்கோன் கலக்கிய அதே குச்சி, எல்லாமே எதிரி. வெளிப்பக்கம் நன்றாக இறுகியிருக்கும். பிரித்தால் மூலத்தை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் கோந்து போலக் கையோடு வரும். நைட்ரைல் கையுறை போட்டு, மூலத்தின் அடிப்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

என் தேர்வு பிளாட்டினம்தான், ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) 20 முதல் 30 வரை கடினம் உள்ளது. அதைவிட மென்மையானால் கனசதுரத்தின் பக்கங்கள் ரெசின் எடையில் பிதுங்கும். கடினமானால் கழற்றும்போது மூலைகள் கிழியும். நிறம் ஊற்றும் வேலைக்குத் தகரமே போதும், காசை வீணாக்க வேண்டாம்.

மூலத்துக்குக் கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை எடுக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். சிலிக்கோனுக்குக் கண்ணாடி மேல் ஒட்டும் குணம் உண்டு. பிரிக்கும் பூச்சு இல்லாமல் ஊற்றினால் அச்சும் போகும், பேப்பர்வெயிட்டும் போகும். சரி, வாசலின் தடவலாமே என்றால், விரல் இழுத்த கோடுகள் அப்படியே அச்சில் ஏறி, ரெசினில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடிக்கும்போது தெரியும். பாலிஷ் போட்ட அக்ரிலிக் துண்டுதான் நல்ல மூலம். அதுவும் இல்லாவிட்டால் 400, 800, 1500, 2000 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் பேஸ்ட்.

ரெசின் பக்கம் போட்டி அவ்வளவு கடுமை இல்லை. பைபர் பட்டறைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் இறுகலைத் தூண்டும் கோபால்ட் சேர்த்த சாதா வகையில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். தெளிவுக்கென்று தனி வகை கேட்டு வாங்க வேண்டும். அதில் கலந்திருக்கும் ஸ்டைரீனின் வாடை வீட்டுக்குள் தாங்காது, காற்றுப்பட்ட முகம் பிசுபிசுக்கும், எபாக்ஸியைவிட அதிகம் சுருங்கும். அதோடு கோபால்ட்டையும் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் வாய்ப்புண்டு. பாலிஷ் நன்றாக ஏறும் என்பது அதன் ஒரே கவர்ச்சி. யு.வி. ரெசின் புற ஊதா ஒளி பட்டால் சில நிமிடத்தில் இறுகும். மெல்லிய அடுக்குகளுக்கும் காதணிகளுக்கும் சரி, ஒளி நுழையும் அச்சு வேண்டும்.

மிஞ்சுவது எபாக்ஸி. அதிலும் கோஸ்டருக்கான சாதா வகை வேறு, ஆழமாக ஊற்றும் வகை வேறு. சாதா வகையைக் கோடை மத்தியானத்தில் 5 செ.மீ. ஆழத்துக்கு ஊற்றினால் தன் சூட்டிலேயே கொதித்து, மஞ்சளாகி, வெடிப்பு விடும். ஆழ வகை இறுக இரண்டு மூன்று நாள் எடுக்கும், அதற்குள் குமிழிகளும் மேலே ஏறிவிடும். மழைக்கால ஈரத்தில் மேற்பரப்பில் மெழுகுபோல ஒரு படலம் படியலாம். இன்னொன்று, கலவை அளவு எடைக்கா கொள்ளளவுக்கா என்று லேபிளைப் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

குமிழியை நசுக்க 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) தாங்கும் பிரஷர் பாட், அதாவது உள்ளே வைத்து வார்க்கும் அழுத்தப் பாத்திரம், வாங்குகிறவர்கள் அச்சையும் அதே அழுத்தத்தில் வார்க்க வேண்டும். வெளியே வார்த்த அச்சின் சுவருக்குள் ஒளிந்திருக்கும் குமிழிகள் அந்தப் பாத்திரத்துக்குள் போனதும் நசுங்கி, ரெசினில் சின்னச் சின்னப் பருக்களாக எழும். சமையல் குக்கரில் கம்ப்ரஸர் குழாயைச் செருகிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அது சுமார் 15 பி.எஸ்.ஐ.க்குச் செய்த பாத்திரம்.