'தி பிரிசனர்' நகல் பொருள்கள்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

1967 செப்டம்பர் இறுதியில் பிரிட்டனில் ஒளிபரப்பாகத் தொடங்கி, 17 பகுதிகளோடு நிறைவுற்ற தொலைக்காட்சித் தொடர் 'தி பிரிசனர்'. வேலையை உதறிவிட்டு வந்த உளவாளி ஒருவர் மயக்கமூட்டிக் கடத்தப்பட்டு, எல்லோருக்கும் பெயருக்குப் பதிலாக எண் மட்டுமே உள்ள ஒரு கிராமத்தில் கண் விழிக்கிறார். பேட்ரிக் மெக்கூஹன் நடித்த அந்த ஆறாம் எண்காரருக்குக் கிராமம் கொடுக்கும் பேட்ஜ், அவர் அணியும் வெள்ளை விளிம்பு வைத்த பிளேசர், அவர் குடியிருக்கும் வீட்டு வாசலில் நிற்கும் பெயர்ப்பலகை ஆகிய மூன்றையும் நகலாகச் செய்து ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். செய்து முடித்த அன்று எடுத்த புகைப்படத்தில் எல்லா நகலும் அழகாகத்தான் இருக்கும். கையிலும் உடலிலும் பல ஆண்டுகள் புழங்கிய பிறகு அவை என்னவாகின்றன என்பதை எழுதுபவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

பேட்ஜ் பார்வைக்கு எளிமையானது. ஒரு வட்டத்துக்குள், பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்ட பழைய காலத்துப் பென்னி ஃபார்திங் சைக்கிள் கோட்டுருவமாக நிற்கும். அதன் மேல் ஒரு கூரைத்துணி விரிந்திருக்கும். முன்சக்கரத்தின் நடுவில் எண் சிவப்பில் இருக்கும். நான் முதலில் செய்வித்தது, உலோகத்தில் அச்சடித்துப் பள்ளங்களில் எனாமல் நிரப்பிய வகை. கனமாகவும் விலையுயர்ந்த பொருளின் தோரணையோடும் இருந்தது; ஆனால் கோட்டின் இருபுறமும் உலோகக் கரை மின்னியது. திரையில் அப்படி எதுவும் மின்னுவதில்லை. மேலே ஊற்றியிருந்த எபாக்ஸி என்ற தெளிந்த பிசின் பூச்சு இரண்டாம் ஆண்டிலேயே பழுப்பேறி, வெள்ளைப் பகுதிகள் தந்த நிறமாகிவிட்டன. அடுத்து, தகரத்தின் மேல் அச்சிட்ட தாளை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடிய சாதாரணப் பொத்தான் பேட்ஜ் செய்தேன். தோற்றத்தில் அதுதான் திரைக்கு மிக அருகில் வந்தது. ஆனால் வியர்வையும் ஈரமும் ஓரத்தில் புகுந்து, பின்புறத் தகரம் துருப்பிடித்து, ஒன்றரை ஆண்டில் தாளின் விளிம்பில் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் படர்ந்தது. மூன்றாவதாக, அலுமினிய வட்டில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்தேன். நான்கு ஆண்டுகள் கடந்தும் அது நிறம் மாறாமல் இருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் நேராக இந்த முறைக்கே செல்லலாம் என்பேன். பின்புறத்தில் காந்தம் வைக்க வேண்டாம். கனமான கம்பளித் துணியில் அது மெல்ல வழுக்கிக் கீழே இறங்கிவிடுகிறது.

நிறப் பொருத்தத்துக்காக நான் செலவழித்த நேரத்தை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சிவப்பு எந்தச் சிவப்பு என்று ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெவ்வேறு பிரதிகளில் அது வெவ்வேறாகத் தெரிந்தது. வண்ணப்படச் சுருளில் எடுக்கப்பட்ட தொடர்தான் என்றாலும், அது ஒளிபரப்பான பிரிட்டனின் ஐடிவி அலைவரிசைக்கு வண்ண ஒளிபரப்பு வந்தது 1969 நவம்பரில்தான். ஆகவே அந்நாட்டின் முதல் பார்வையாளர்கள் இந்தச் சிவப்பையோ, கிராமத்தார் பிடித்து நடக்கும் பல வண்ணக் குடைகளையோ கண்டதில்லை. அவர்கள் பார்த்தது கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான். இதை அறிந்த பிறகு சிவப்பின் சாயலைப் பற்றி அலட்டிக்கொள்வதை விட்டுவிட்டு, கோட்டின் தடிமனிலும் எண் அமரும் இடத்திலும் கவனம் வைத்தேன். கறுப்பு வெள்ளையில் பார்த்தாலும் பிழையென்று தெரியக்கூடியவை அவைதாம்.

கடைகளில் விற்கும் நகல்கள் பெரும்பாலும் சறுக்குவது எழுத்துருவில். கிராமத்தின் பலகைகளில் உள்ளது, 1930களில் பெர்த்தோல்ட் வோல்ப் மோனோடைப் அச்செழுத்து நிறுவனத்துக்காக வடிவமைத்த ஆல்பர்டஸ் என்ற எழுத்துரு. ஆனால் அப்படியே அன்று. தொடருக்காக அதை மாற்றியிருக்கிறார்கள்: ஆங்கிலச் சிறிய ஐ (i) எழுத்தின் மேல் புள்ளி கிடையாது, சிறிய ஈ (e) எழுத்து கிரேக்க எப்சிலானைப் (ε) போலத் திறந்திருக்கும். ஆறாம் எண்காரரின் வாசல் பலகையில் எண்ணுக்குக் கீழே உள்ள 'பிரைவேட்' (Private) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் இந்த இரண்டு எழுத்துகளுமே வந்துவிடுகின்றன. நான் முதலில் வாங்கிய பலகையில் புள்ளியும் இருந்தது, ஈயும் மூடியிருந்தது. இரண்டு ஆண்டுகள் அது சுவரில் தொங்கியது. வீட்டுக்கு வந்த எவரும் குறை சொல்லவில்லை. ஆனால் நான் அதைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி என் கண்ணில்தான் விழுந்தது. வோல்ப், எழுத்தைச் சுற்றியுள்ள உலோகத்தைக் குடைந்தெடுத்து எழுத்தைப் புடைப்பாக நிறுத்தும் வெண்கலப் பலகைகளைச் செய்தவர். ஆல்பர்டஸின் கூரிய ஓரங்கள் அந்த வேலையிலிருந்து வந்தவை. அதனால் இரண்டாவது பலகைக்கு ஒவ்வோர் எழுத்தையும் கையால் வரைந்து, சரிபார்த்து, பிறகே வெட்டக் கொடுத்தேன். ஐந்து ஆண்டு வெயிலில் அதன் வெள்ளைப் பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுந்துள்ளன, எழுத்துகள் சிதையவில்லை.

பிளேசர்தான் எனக்குப் பெரும் வருத்தத்தைத் தந்தது. கருநிறக் கம்பளித் துணியின் விளிம்பில் வெள்ளை நாடாவை வைத்துத் தைத்துத் தந்த தையற்கலைஞரின் கைத்திறனில் குறையில்லை. ஆனால் துணியையும் நாடாவையும் தைப்பதற்கு முன் நனைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தொடரில் கிராமத்தின் வெளிப்புறக் காட்சிகள் படமாக்கப்பட்ட இடம் வட வேல்ஸின் கடலோரத்தில் உள்ள போர்ட்மீரியன். கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1925 தொடங்கி 1975 வரை சிறிது சிறிதாகக் கட்டிய இத்தாலியச் சாயல் கொண்ட ஊர். அங்கே இந்தப் பிளேசரை அணிந்து நடக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. நடந்தேன், மழை பிடித்துக்கொண்டது. மாலையில் அறைக்குத் திரும்பி விளக்கடியில் பார்த்தபோது, காலரின் வளைவில் வெள்ளை நாடா நெடுக நீலமும் கறுப்பும் கலந்த சாயம் ஊறியிருந்தது. அதன் பின் இரண்டு முறை உலர்சலவைக்குக் கொடுத்தும் அது முழுதாகப் போகவில்லை. புதிய நாடாவை வெந்நீரில் போட்டுச் சுருங்கவிட்டு, துணியின் சாயம் இறங்குகிறதா என்று ஒரு வெட்டுத் துண்டில் சோதித்து, விளிம்பு முழுவதையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. இன்றுவரை அந்த இரண்டாவது நாடா வெண்மையாகவே இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியத் தாமதமாயிற்று. தொடரின் முதல் பகுதியிலேயே ஆறாம் எண்காரர் தமக்குத் தரப்பட்ட பேட்ஜைத் தூக்கி எறிகிறார். அதன் பிறகும் பெரும்பாலான காட்சிகளில் அவருடைய காலர் வெறுமையாகவே இருக்கிறது. எண்ணை ஏற்காதவர் என்பதே அந்தப் பாத்திரத்தின் உயிர். நானோ, மூன்று முறை பாடுபட்டுச் செய்த பேட்ஜைப் பெருமையோடு காலரில் குத்திக்கொண்டு, துல்லியமான உடை அணிந்திருப்பதாக நம்பியிருந்தேன். கிராமத்தின் மற்றவர்களுடைய உடைக்குத்தான் அது பொருந்தும். இப்போது பேட்ஜ் மேசை இழுப்பறையில் பஞ்சின் மேல் இருக்கிறது. பிளேசரை அதில்லாமலே அணிகிறேன். இடது காலரில் ஊசி நுழைந்த இரண்டு சிறு துளைகளை ஆவி பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்று மூடிக்கொண்டது, மற்றது அப்படியே இருக்கிறது.