சுன்னாகத்தில் இருந்து ஒருநாள் முந்திரிகைத் தோட்டச் சுற்று: பத்துக்கு ஏழு

நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கிலாந்தில் இருந்து அக்காவின் மகள் வந்திருந்தாள். இருப்பது கென்ற் பக்கம். டென்டர்டன் என்ற சின்னச் சந்தை ஊரில் அறை எடுத்து, ஒருநாள் ஸ்மோல் ஹைத்தில் சப்பல் டவுன், மறுநாள் பிடென்டன் என்று முந்திரிகைத் தோட்டம் தோட்டமாகத் திரிந்த கதையை வந்த அன்றிரவே சொல்லிவிட்டு, "மாமா, எங்கட ஊரிலயும் முந்திரிகை இருக்குத்தானே, அப்பிடி ஒண்டு போவமே" என்றாள். (தமிழ்நாட்டு ஆட்கள் முந்திரிப்பருப்பு என்று நினைக்க வேண்டாம், எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை.) சரி என்று கிளம்பினோம். அதே எண்ணம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கிருந்து தொடங்குவது என்பது. யாழ்ப்பாண ரவுணில் ஹோட்டல் எடுத்தால் காலை நேரம் வீதியிலேயே போய்விடும். எங்கள் சுற்றுக்குச் சுன்னாகம் வசதி. பெரிய சந்தை இருக்கிறது, ரயில் நிலையமும் இருக்கிறது, டென்டர்டன்காரருக்கு வழமையான ரயில் சேவைகூட இல்லை, ஹெட்கோர்னில் இறங்கி பஸ் எடுக்க வேண்டுமாம். மருதனார்மடத்தால் திரும்பினால் உரும்பிராய், அங்கிருந்து கோப்பாய், நீர்வேலி எல்லாம் பக்கம்தான்.

வாடகை வான் விஷயத்தில்தான் ஏமாந்தோம். பெயர் வேண்டாம், தெரிந்த ஒருவர் மூலம் பிடித்த வான். எட்டு மணிக்கு என்றவர் பத்துக்கு வந்தார், வந்ததும் நயினாதீவுக்குப் போவமா என்று கேட்டார், பின்னேரம் கணக்குப் பார்க்கும்போது "வெயிற்றிங்" என்று பேசாத காசு ஒன்றையும் சேர்த்தார். தோட்டச் சுற்று என்றாலே நின்று நின்று போவதுதானே ஐயா! ஆகவே காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முதலே பேசிவிடுங்கள். மூன்று பேருக்குள் என்றால் ஓட்டோவே போதும்.

முதல் தோட்டத்தில் ஒரு குலைகூட இல்லை. இலையெல்லாம் உருவி, கொடியை வெட்டி, பந்தல் எலும்புக்கூடு மாதிரி நின்றது. "கொடி வெட்டி எத்தினை நாள் எண்டு போன் எடுத்துக் கேட்டிட்டு வந்திருக்கலாமே தம்பி" என்றார் தோட்டக்காரர். அவர் சொன்னது நியாயம்தான். இங்கிலாந்தில் குளிருக்குக் கொடி தானாக உறங்கும், செப்டெம்பர், ஒக்ரோபர் என்று வருடத்துக்கு ஒரு அறுவடை. எங்கள் வெப்பத்தில் அது உறங்காது, வெட்டினால்தான் புதுத் தளிரும் பூவும் வரும், வெட்டி ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் வெட்டுவதால் ஒரு தோட்டம் மொட்டையாக நிற்க அடுத்த தோட்டம் பழுத்துக் கிடக்கும். மாரி மழைக்குள் பழம் அகப்பட்டால் வெடித்து, பூஞ்சணம் பிடித்துப் போய்விடும், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சுற்றை வைக்காதீர்கள்.

அவரே இரண்டு ஒழுங்கை தள்ளி இன்னொருவரிடம் அனுப்பினார். அந்த இடத்துக்குத்தான் நான் கொடுக்கும் புள்ளிகளில் பாதி. செம்பாட்டு மண், சீமெந்துத் தூண், கம்பிப் பந்தல், வௌவாலுக்கும் அணிலுக்கும் பயந்து போட்ட வலை, உள்ளே குனிந்து போனால் தலைக்கு மேலே கருநீலக் குலைகள், இஸ்ரேல் புளூ இனம். மருமகள் அங்கே பார்த்ததெல்லாம் இடுப்பளவு வேலி மாதிரி வரிசைகள். கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் இலை பிடிக்க வேண்டும் என்பதற்காக அப்படி. இங்கே பந்தல் நிழல் குலையை வெயிலில் வதங்க விடாமல் காக்கிறது.

பழத்தில் வெண்மையாகப் படிந்திருந்ததைப் பார்த்து அவள் மருந்து என்று பயந்து கையை எடுத்துவிட்டாள். தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பழத்தைப் பெருவிரலால் துடைத்துக் காட்டினார். அது பழத்தின் சொந்த மெழுகாம், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், மருந்து என்றால் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருக்கும். இருந்தாலும் மருந்து அடித்து எத்தனை நாள் என்று கேட்டு, கழுவித்தான் சாப்பிட வேண்டும் என்றும் அவரே சொன்னார். புளிப்பும் இனிப்பும் சேர்ந்த பழம், தோல் தடிப்பு, விதை உண்டு. சந்தையைவிடக் குறைந்த விலைக்கு மூன்று கிலோ வாங்கினோம்.

வைன் சுவைக்கலாம் என்ற நினைப்பில் போனால் ஏமாற்றம்தான். இங்கே பெரும்பாலும் சாப்பிடத்தான் பழம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைன் விற்கவும் முடியாது. அந்த ஆசைக்குக் கிட்ட வருவது வசாவிளான் பக்கம் உள்ள தோலகட்டி ஆச்சிரமம். 1928 இல் அருட்தந்தை தோமஸ் தொடங்கிய செபமாலைத் துறவிகளின் மடம், அவர்களுடைய நெல்லி ரசமும் முந்திரிகை ரசமும் (ரசம் என்றால் இங்கே பழச்சாறு) எங்கள் ஊரில் தெரியாத வீடு இல்லை. துறவிகள் மௌனம் காக்கும் இடம், சுற்றுலா மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நெல்லி ரசத்தைத் தண்ணீர் கலந்துதான் குடிக்க வேண்டும், மருமகள் அப்படியே ஒரு வாய் வைத்துவிட்டு முகம் சுளித்தாள்.

திரும்பும் வழியில் சுன்னாகத்தில் பனங்காய்ப் பணியாரம். வானுக்குள் முந்திரிகைப் பை நசிந்து சாறு வடிந்ததால் சாரதிக்கு எங்கள் மேல் இன்னும் கொஞ்சம் கோபம். மொட்டைப் பந்தல்காரரின் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அவருடைய பழம் மாரி மழைக்குத் தப்புமா என்றுதான் இப்போது யோசனை.