கையில் முதலில் கிடைப்பது ஒரு ரெஞ்சு: சிஸ்டம் ஷாக் 2, மறுபடியும்

சிஸ்டம் ஷாக் 2-ல் முதலில் கைக்கு வரும் ஆயுதம் ஒரு ரெஞ்சு. அடுத்து ஒரு பிஸ்டல் கிடைக்கும். கொஞ்ச நேரம் சுட்டால் அது மக்கர் பண்ண ஆரம்பிக்கும். நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன். இரும்பை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கேமில் வரும் பயம் எங்கே இருக்கிறது என்று உடனே பிடிபட்டுவிடும். பேய், பூதம், ரத்தம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இது 1999 ஆகஸ்டில் வந்த கேம். இர்ரேஷனல் கேம்ஸும் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸும் சேர்ந்து செய்தது. அன்றைக்கு விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாலும் விற்பனை பெரிதாக இல்லை. அடுத்த வருஷமே லுக்கிங் கிளாஸை மூடிவிட்டார்கள். இர்ரேஷனல் அப்புறம் 2007-ல் பயோஷாக் என்ற கேமைச் செய்து உலகப் புகழ் பெற்றது. பயோஷாக்கை ரசித்தவர்கள் அதன் வேரைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டும். 2025 ஜூனில் நைட்டைவ் ஸ்டுடியோஸ் இதன் ரீமாஸ்டரை, அதாவது பழைய கேமையே புதுப்பித்த பதிப்பை, வெளியிட்டது. வாடைக் காலத்தில் புயல் எச்சரிக்கை போட்டு, கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காமல், படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தபோது ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முடித்தேன்.

கதை 2114-ல் நடக்கிறது. ஒளியைவிட வேகமாகப் போகும் வான் பிரவுன் என்ற கப்பல், கூடவே காவலுக்கு ரிக்கன்பேக்கர் என்ற போர்க்கப்பல். உறக்கக் கூண்டிலிருந்து நீங்கள் கண் விழிக்கும்போது பழைய ஞாபகம் எதுவும் இல்லை, உடம்பில் ஏதேதோ கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். கப்பலில் ஆட்கள் செத்துக் கிடக்கிறார்கள், சாகாதவர்கள் மனிதர்களாக இல்லை. ஜானிஸ் போலிட்டோ என்ற டாக்டர் ரேடியோவில் பேசி, நான்காவது தளத்துக்கு வா, நான்காவது தளத்துக்கு வா என்கிறார். லிஃப்ட்டுக்குக் கரண்ட் இல்லை. அதை ஓட வைக்க முதலில் கீழே எஞ்சின் தளத்துக்கு இறங்க வேண்டும். கதையைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் விளையாடப் போகிறவர்களுக்கு நான் செய்யும் துரோகம்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதன் நிலைமையைக் காட்டும் ஓர் எண் உண்டு. பத்து என்றால் புத்தம் புதுசு. சுடச் சுட இறங்கிக்கொண்டே வரும், ரொம்ப இறங்கிவிட்டால் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் கையிலேயே உடையும். உடையும் முன்பே பராமரிக்க ஒரு திறமை வேண்டும், உடைந்ததைச் சரிசெய்ய வேறு ஒரு திறமை. இரண்டுக்கும் சைபர் மாட்யூல் செலவாகும், அதாவது திறமைகளை வாங்க இந்தக் கேமில் கிடைக்கும் புள்ளிகள். அதே மாட்யூலில்தான் உடல் வலு, கணினிப் பூட்டை உடைக்கும் திறமை, ஆராய்ச்சி, மனோசக்தி எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும். எல்லாமும் ஒருவனுக்குக் கிடைக்காது.

தடிக்கம்பும் ஷாட்கன்னுமாக அலையும் ஹைபிரிட்கள்தான் ஆரம்பத்தில் எதிரிகள். ஒட்டுப்புழு தலைக்கேறிய பழைய கப்பல் ஊழியர்கள். ஷாட்கன் வைத்திருக்கும் ஒருவனை ரெஞ்சால் அடித்துச் சாய்த்து, ஆசையாகத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால் அது உடைந்தது. உள்ளே ஒரே ஒரு தோட்டா. அதை மட்டும் உருவிப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு நடக்க வேண்டும். இந்தக் கணக்கு பார்க்கும் புத்தி பத்து நிமிஷத்தில் உங்களுக்கும் வந்துவிடும். காலியான தளம்தானே என்று நிதானமாகச் சுற்றவும் முடியாது. கொன்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் கழித்து வேறொருவன் வருவான்.

அன்றைக்கும் இன்றைக்கும் நிறையப் பேர் திட்டுவது இந்தத் தேய்மானத்தைத்தான். என் கட்சி வேறு. எங்கள் ஊரில் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்லி மாளாது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்களே, துருதான் காரணம். நடுக்கடலில் எஞ்சின் நிற்கும்போது ஒரு மனுஷனுக்கு வயிற்றைக் கலக்குமே, அதை இந்தக் கேம் அப்படியே பிடித்திருக்கிறது. எதிரில் வருவது என்னவென்று தெரியும், கையில் இருப்பது வேலை செய்யுமா என்று தெரியாது. ஆனால் வேகம் தப்பு, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தோட்டாப் பெட்டி தீர்வதற்குள் பிஸ்டல் நொந்துபோகிறது. எந்த உப்புக்காற்றும் இரும்பை அவ்வளவு சீக்கிரம் தின்னாது. செய்தவர்களுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், பின்னால் வந்த பேட்ச் என்ற திருத்தத்தில் தேய்மானத்தைக் குறைத்துக்கொள்ள வழி விட்டார்கள்.

ஹெட்போன் இல்லாமல் இதை விளையாடவே கூடாது. ஒரு படகு எஞ்சினில் என்ன கோளாறு என்பதை நான் பாதி காதால்தான் கண்டுபிடிப்பேன். இந்தக் கேமிலும் அப்படித்தான். கண்காணிப்புக் கேமரா திரும்பும் சத்தம், குரங்கின் கீச்சு, சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் காலடி என்று எல்லாம் கண்ணுக்கு முன்னால் காதுக்கு வந்துவிடும். ஹைபிரிட்கள் உங்களை அடிக்க ஓடி வரும்போதே ஓடிப்போ என்றும், என்னைக் கொன்றுவிடு என்றும் கெஞ்சும். உள்ளே இன்னும் அந்த மனுஷன் இருக்கிறான் என்று அந்தக் குரல் சொல்கிறது. எனக்கு இப்போதும் மனசு கேட்பதில்லை. ஷோடான் என்ற கணினிக்குக் குரல் கொடுத்த டெர்ரி பிராஸியஸைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அவ்வளவு சிறப்பு. இசை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. சில தளங்களில் திடீரென்று டிஸ்கோ போல அடிக்கிறது. இசையைக் குறைத்து, கப்பலின் உறுமலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செத்தவர்கள் விட்டுப்போன ஒலிப்பதிவுகள் தளமெங்கும் கிடக்கும். டாமி, ரெபெக்கா என்று ஒரு ஜோடி இருக்கிறார்கள். அவர்கள் பதிவு எங்கே கிடந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

கடைசிப் பகுதி சுமார்தான். கப்பலை விட்டு அந்தப் புழுக்கூட்டத்தின் உடம்புக்குள் இறங்கியதும், அதுவரை இருந்த கணக்கும் நிதானமும் போய், சுட்டுக்கொண்டே ஓடுவது மட்டும்தான் மிச்சம். கையில் சேர்த்து வைத்த தோட்டா இல்லாதவன் அங்கே திண்டாடிப்போவான். முடிவுக் காட்சியும் அவசரத்தில் எடுத்தது போல இருக்கிறது.

ரீமாஸ்டரில் உருவங்களையும் ஆயுதங்களையும் அசைவுகளையும் புதுப்பித்திருக்கிறார்கள், இருட்டைக் கெடுக்கவில்லை. விளையாட்டின் எலும்பில் கை வைக்கவில்லை, அது நல்லது. கன்ட்ரோலரிலும் ஆடலாம், ஆனால் பைக்குள் சாமானை இழுத்து இழுத்து வைக்க மவுஸ்தான் சௌகரியம். எந்தப் படைப் பிரிவில் சேர்வது என்று ஆரம்பத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் நேவி பிரிவை எடுங்கள், பராமரிப்புத் திறமையில் முதலிலேயே மாட்யூல் போடுங்கள்.

கூட்டாக விளையாடும் வசதியும் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் இருக்கும் மச்சானும் நானும் இப்போது அப்படித்தான் ஆடுகிறோம். பராமரிப்பை நான் எடுத்துக்கொண்டேன், கணினிப் பூட்டு அவன் பொறுப்பு. அவன் துப்பாக்கியைக் கீழே போடுவான், நான் எடுத்துச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பேன். இரண்டு பேர் சேர்ந்தால் பயம் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் முதல் முறை தனியாகவே விளையாடுங்கள்.