ஜியோஜீப்ராவும் விடுபட்ட கோணங்களும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஏழாவதிலிருந்து ஒன்பதாவது வரை டியூஷன் எடுக்கிறேன். விடுபட்ட கோணம் காணும் கணக்குகளுக்குச் சில வருடங்களாக ஜியோஜீப்ராதான். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்டர் 2001-இல் தொடங்கிய கணித மென்பொருள்; திரையிலேயே வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கலாம். மாணவர்களுக்கு இலவசம். மொபைலில் இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும், கூடுதல் மட்டும் 180°-ஐ விட்டு நகராது. அந்த முனை வழியாக எதிர்ப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு போட்டால் காரணமும் தெரிந்துவிடும். அடியிலுள்ள இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட உட்கோணங்களாக (இணைகோடுகளுக்கு நடுவே, வெட்டும் கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமையும் சம கோணங்கள்) மேலே வந்து, உச்சிக்கோணத்தோடு சேர்ந்து நேர்க்கோட்டை நிரப்பும். கரும்பலகையில் ஒரே படத்தை வைத்துக்கொண்டு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தொல்லைகளும் உண்டு. கோணக் கருவி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் அளக்கும். புள்ளிகளை வரிசை மாற்றித் தொட்டால், 60° வர வேண்டிய இடத்தில் 300° வரும். அமைப்புகளில் 0° முதல் 180° வரை என்று வரம்பு வைத்தால் சரியாகிவிடும். அப்புறம் தசமம். முழு எண்ணாகக் காட்டச் சொன்னால் 60.4°, 60.4°, 59.2° உள்ள முக்கோணம் 60, 60, 59 என்று நிற்கும். கூட்டினால் 179! தேற்றமே பொய் என்று ஒரு பையன் குதித்தான். அன்றைய வகுப்பு முழுக்கத் தோராயத்திலேயே போனது. எனக்கு வருத்தமில்லை.

பெரிய குறை, பிள்ளைகள் திரையைப் பார்த்தே விடையை எழுதிவிடுவது. அதனால் கேட்கும் கோணத்தின் எண்ணை மறைத்துவிட்டுத்தான் படத்தைக் கொடுக்கிறேன். வெளிக்கோணம் (ஒரு பக்கத்தை நீட்டினால் வெளியே வரும் கோணம்) 110°, உள்ளெதிர்க் கோணம் (மற்ற இரு முனைகளில் உள்ள கோணம்) ஒன்று 45°, இன்னொன்று எவ்வளவு? பலரும் 180-இல் 110 போக 70, பிறகு 180-இல் 70-ஐயும் 45-ஐயும் கழித்து 65 என்று சுற்றி வருவார்கள். தவறில்லை. 110-இல் 45 போக 65 என்று ஒரே கழித்தலில் முடிப்பவரிடம் ஏன் என்று கேட்பேன். 'உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூடுதல்தானே சார் வெளிக்கோணம்' என்று பதில் வந்த பிறகுதான் எண்ணைத் திறப்பது.

சின்னத் திரை மொபைலில் விரலே முனையை மறைக்கிறது, டேப்லெட் என்றால் வசதி. கோணமானி பிடித்து வரைய இது கற்றுத்தராது, அதற்குத் தனியாக நோட்டு போட்டிருக்கிறேன். ஆறாவது பிள்ளைகளுக்கு இதை இன்னும் கொடுக்கவில்லை.