இரவல் நிரலுக்குக் கணக்கு வைக்கும் ரீயூஸ் கருவி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளில் எடைச்சீட்டு அச்சிடுவதற்காக நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதி, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட செயலியில், பிறரிடமிருந்து எடுத்த நிரல் எவ்வளவு இருக்கிறது என்பது சென்ற ஆண்டு வரை எங்களில் ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது. இப்பகுதியில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலை, தன் கொள்முதல் பிரிவில் அதை நிறுவுவதற்கு முன் உள்ளிருக்கும் நிரல்களின் உரிமப் பட்டியலை, அதாவது எதை எந்த நிபந்தனையில் பயன்படுத்த எழுதியவர் அனுமதித்திருக்கிறார் என்ற பட்டியலை, கேட்டபோது, கொடுப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. அந்தப் பட்டியலை உருவாக்கத்தான் ரீயூஸ் கருவியை எடுத்தோம்.

ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2017-இல் தொடங்கிய முயற்சி இது. இதன் அடிப்படை விதி, ஒவ்வொரு கோப்பும் தன் பதிப்புரிமையாளர் யார், தன் உரிமம் எது என்பதைத் தானே சொல்ல வேண்டும் என்பது. பைதான் நிரலின் தலைப்பில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும். எழுத்துருவோ படமோ என்றால், அதன் பெயரோடு 'லைசென்ஸ்' என்ற பின்னொட்டுச் சேர்த்த சிறு கோப்பை அருகில் வைக்கலாம், அல்லது 2024-இல் விதிமுறையில் சேர்க்கப்பட்ட ரீயூஸ்.டாம்ல் கோப்பில் மொத்தமாக எழுதிவிடலாம். நாங்கள் சீட்டு அச்சிடப் பயன்படுத்தும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு இரண்டாம் வழியே வசதியாக இருந்தது. அதன் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தின் முழு உரையையும் டவுன்லோட் கட்டளை உரிய கோப்புறையில் இறக்கி வைத்துவிட்டது. கருவிக்குக் கட்டணம் இல்லை, நிறுவுவதும் எளிது.

கோப்புகள் இவ்விதிப்படி இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் லின்ட் கட்டளையை முதன்முறை இயக்கியபோது, அனேகமாக எல்லாக் கோப்புகளும் உரிமத் தகவல் அற்றவை என்ற பட்டியல் வந்தது. அதை விரைவில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நாங்கள் செய்த தவறு, இக்கருவியை எடுக்கும் எவரும் செய்யக்கூடியது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அனோடேட் என்ற கட்டளை, கொடுத்த பெயரையும் உரிமத்தையும் ஒரு கோப்புறையின் எல்லாக் கோப்புகளிலும் ஒரே வீச்சில் எழுதிவிடும். ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் நடப்பு ஆண்டைத் தானே போட்டுக்கொள்ளும். அக்கோப்புறைக்குள், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்ட தராசு இணைப்பு நிரலும் இருந்தது. அவருடைய பெயர் மூலத் திட்டத்தின் உரிமக் கோப்பில் மட்டுமே இருந்தது, நிரலை எடுத்தவர்கள் அக்கோப்பைக் கொண்டுவரவில்லை. விளைவாக அவருடைய உழைப்பின் தலையில் எங்கள் பெயரும் இந்த ஆண்டும் ஏறின, லின்ட் அதைக் குறையின்றி ஏற்றுக்கொண்டது. எம்ஐடி உரிமம் கேட்பதெல்லாம் பதிப்புரிமை அறிவிப்பையும் அனுமதி உரையையும் உடன் வைத்திருங்கள் என்பதே. கேட்ட அந்த ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. எல்லாவற்றையும் பின்வாங்கி, நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றைப் பார்த்து, கோப்பு கோப்பாக மூலம் தேடி எழுத மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வார வேலைதான் உண்மையான வேலை; கருவி செய்தது, அதில் எது பாக்கி என்று ஒவ்வொரு நாளும் சொன்னது.

இரண்டு உரிமங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதையும் இது பார்க்காது. எங்கள் செயலி, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்ற வடிவில் இருந்தது. பிடிஎஃப் உருவாக்க எடுத்துச் சேர்த்திருந்த நிரலோ அப்பாச்சி 2.0 என்ற வேறோர் உரிமத்தில் இருந்தது. காப்புரிமை (பேட்டன்ட்) தொடர்பான அப்பாச்சியின் நிபந்தனைகளால் இவ்விரண்டையும் ஒரே நிரலாக இணைத்து வெளியிட முடியாது. லின்ட் இதற்கும் பச்சைக்கொடி காட்டியது. ஆயினும் இரு பெயர்களும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்ததால்தான் எங்கள் கண்ணில் பட்டன. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு அப்பாச்சியோடு பொருந்தும் என்பதால் அதற்கு மாறினோம். பதிப்புரிமை நால்வருக்கும் உரியது ஆகையால், ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்ட நண்பரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம்.

பட்டியலில் கடைசிவரை எஞ்சியது, தொகையை எழுத்தில் எழுதும் ஒரு நிரல்துண்டு. இணையத்தில் பொதுவில் கிடந்த ஒரு நிரல் களஞ்சியத்திலிருந்து எடுத்தது. அதற்கு எந்த உரிமமும் இல்லை. எல்லோரும் படிக்கும்படி இருப்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது; அனுமதி தராத வரையில் உரிமை முழுவதும் எழுதியவருடையது. அவருக்கு எழுதினோம், பதில் வரவில்லை. எனவே அதை நீக்கிவிட்டு, பழைய நிரலைப் பார்த்திராத ஒரு மாணவியிடம் தேவையை மட்டும் சொல்லி, ஆயிரம் என்பது ஆயிரத்து என்றும் இருநூறு என்பது இருநூற்று என்றும் திரியும் இடங்களைத் தாளில் எழுதிக் கொடுத்துப் புதிதாக எழுதச் செய்தோம். ஒரு கோப்பின் நடுவே சில வரிகள் மட்டும் பிறருடையவை என்றால், துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துத் தனி உரிமம் எழுத ரீயூஸில் வழி உண்டு. ஆனால் இல்லாத உரிமத்தை எங்கும் எழுத முடியாது.

பெரிய, பழைய திட்டங்களில் எந்தக் கோப்பில் என்ன உரிமம் மறைந்திருக்கிறது என்று முதலில் கண்டறிய ஸ்கேன்கோடு போன்ற கருவி தேவைப்படும். ரீயூஸ் அந்த வேலைக்கானதன்று. ஒரு முறை ஒழுங்குபடுத்தியதை ஒழுங்காகவே வைத்திருப்பதில் இதைவிட எளியதை நான் பயன்படுத்தியதில்லை. இப்போது எவர் மாற்றம் அனுப்பினாலும் லின்ட் தேறிய பிறகே சேர்க்கிறோம், புதியவர்களிடம் "இதை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று தனியே கேட்க வேண்டிய சங்கடமும் பெருமளவு குறைந்திருக்கிறது. பெங்களூரா, செந்தூரா, மல்கோவா என்று ரகம் காட்டப் போட்டிருந்த படங்களுக்கு மட்டும் மூலம் கிடைக்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டு, சென்ற பருவத்தில் சந்தூரில் ஒரு தோட்டத்துக்குப் போய் நாங்களே படம் பிடித்தோம். தோட்டக்காரரின் மகன் எடுத்த நான்கு படங்களுக்கு அருகில் அவருடைய பெயர் இருக்கிறது.