பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன ஸ்பீக்கர்கள்: பெட்டியைச் சரிசெய்வதா, கம்பியை மட்டும் வைத்துக்கொள்வதா?

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் போன சித்திரையில் ஒரு வீடு வாங்கினோம். கட்டியவர் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டோடு சேர்த்து அவர் விட்டுப்போன ஒரு சாமானைப் பத்திரத்தில் எழுதவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியில் எல்லா அறைக்கும் பாட்டு அனுப்பும் ஆம்ப்ளிஃபையராக ஒரு கறுப்புப் பெட்டி, அதன் முதுகிலிருந்து சுவருக்குள் போகும் பத்து ஸ்பீக்கர் கம்பிகள். ஹால், சமையலறை, படுக்கையறை, மாடி அறை, முன் வராந்தா என ஐந்து இடங்களில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஜோடி ஜோடியாக ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள். அறைக்கு ஒரு பட்டன் பலகை சுவரில். எதை அழுத்தினாலும் சத்தம் இல்லை.

எனக்கு முன்னால் நாலு வழி இருந்தது. அறைக்கு அறை வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கி வைப்பது, பழைய பெட்டியைப் பழுது பார்ப்பது, அதே மாதிரி புதுப்பெட்டி ஒன்று வாங்குவது, பெட்டியைக் கழற்றிவிட்டுக் கம்பியையும் ஸ்பீக்கரையும் மட்டும் வைத்துக்கொண்டு அறைக்கு ஒரு சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போடுவது. கடைசி வழியில்தான் போனேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வயர்லெஸ்ஸை முதலில் முடித்துவிடலாம். வாடகை வீடென்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். சொந்த வீட்டில், சீலிங்கில் பத்து ஸ்பீக்கர் சும்மா தொங்கும்போது மேசைக்கு மேசை இன்னொன்றை வைத்து, அதற்கு ஒரு பிளக் பாயின்ட் தேடுவது எனக்கு ஒப்பவில்லை. போதாததற்குக் கான்கிரீட் தளத்தைத் தாண்டி எங்கள் வைஃபை மாடிக்குப் போவதற்குள் பாதி செத்துவிடுகிறது.

பழைய பெட்டியைப் பழுது பார்க்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். கெபாசிட்டர் உப்பியிருந்தால் தென்காசியில் மாற்றித் தர ஆள் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்கச் சாமான், 120 வோல்ட். நம் 230 வோல்ட்டைக் குறைக்கக் கீழே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு கிடந்தது. மெக்கானிக் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பவர் சப்ளை சரியாகிவிட்டது, பட்டன் பலகையோடு பேசும் சிப்தான் போய்விட்டது, அது இங்கே கிடைக்காது என்றார். ஐந்து அறையும் அந்த ஒரு சிப்பை நம்பி இருந்திருக்கிறது.

அப்போதுதான் கோயில் கொடைக்கு மைக் செட் போடும் அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன். வந்ததும் கம்பிகளைத் தடவிப் பார்த்தார். "தம்பி, பெட்டிய என்ன வேணா பண்ணுங்க. கம்பிய மட்டும் வெட்டிராதிய. 14 கேஜ் செம்பு, இன்னைக்கு இழுக்கணும்னா செவத்த ஒடைக்கணும்" என்றார்.

அவருக்கு ஒரு சந்தேகம், இது கோயில் ஹாரன் மாதிரி, நீளக் கம்பியில் பல ஸ்பீக்கரைக் கோர்க்கும் 100 வோல்ட் லைன் வகையாக இருக்குமோ என்று. அப்படியென்றால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், சாதாரண ஆம்பை நேராகக் கொடுக்க முடியாது. கிரில்லைக் கழற்றிப் பார்த்தோம், அப்படி எதுவும் இல்லை. மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்தால் 6.3, 6.5 ஓம் என்று காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் இப்படிக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். வராந்தா ஜோடியில் ஒன்று மட்டும் எதுவுமே காட்டவில்லை, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருந்தது.

எந்தக் கம்பி எந்த அறைக்கு என்று எழுதியிருந்த சீட்டெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒரு பென்சில் பேட்டரியைக் கழற்றினார். கம்பியின் இரண்டு முனையையும் பேட்டரியில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் எங்கோ ஒரு ஸ்பீக்கர் 'டப்' என்னும். மகள் வீடெல்லாம் ஓடி "சமையக்கட்டு!", "மாடி, ஜன்னல் பக்கம்!" என்று கத்த, நான் கம்பியில் டேப் ஒட்டி எழுதிக்கொண்டே வந்தேன். பிளஸ், மைனஸையும் அதிலேயே கண்டுபிடிக்கலாம். பிளஸ் பிளஸ்ஸோடு சேர்ந்தால் ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) வெளியே தள்ளும், மாறினால் உள்ளே இழுக்கும். படுக்கையறையில் ஒரு கம்பி இத்தனை வருடமும் மாற்றித்தான் கொடுக்கப்பட்டிருந்தது. ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் பேஸ், அதாவது கனத்த ஒலி, அடிபட்டுப்போகும். பழைய வீட்டுக்காரர் பேஸ் இல்லாத பாட்டைக் கேட்டே காலம் தள்ளியிருக்கிறார், பாவம்.

இப்போது புதுப்பெட்டி. ஃபோனிலிருந்தே எல்லா அறையையும் ஆட்டுவிக்கும் நல்ல ஆம்ப்கள் இருக்கின்றன. புனலூரில் நண்பர் வீட்டில் இரண்டு மணி நேரம் கேட்டேன். எல்லா அறையிலும் ஒரே பாட்டு, இம்மி பிசகாமல். அந்தச் சுகம் என் ஏற்பாட்டில் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவரும் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது, அதனால் அது எத்தனை வருடம் உழைக்கும் என்று நான் பேசக்கூடாது.

ஆனாலும் நான் வாங்காததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: ஒன்று கெட்டால் அதோடு சேர்ந்து வேறு எதெல்லாம் போகும்? கம்பி சுவருக்குள் முப்பது, நாற்பது வருடம் கிடக்கும். கோனைச் சுற்றி ரப்பர் விளிம்பு உள்ள ஸ்பீக்கரும் பல வருடம் தாங்கும், நுரை விளிம்பு என்றால் இந்தச் சாரல் ஈரத்தில் பொடிந்துவிடும். வராந்தாவில் விரல் பட்டதும் முறுக்குத் தூள் மாதிரி உதிர்ந்தது. ஆம்புக்கு அதைவிட ஆயுள் குறைவு. எல்லாவற்றிலும் சீக்கிரம் சாவது ஃபோனோடு பேசும் மென்பொருள்தான். ஃபோன் பாட்டை வைஃபையில் வாங்கி ஆம்புக்குக் கொடுக்கும் கூகுளின் சின்னச் சாமான் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்து 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. விற்றவை ஓடிக்கொண்டிருந்தன, 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாகி வீடு வீடாக முடங்கின. கூகுள் பிறகு சரிசெய்தது, சரி. அது நின்றபோதும் ஆம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அது தனிச் சாமான். நாற்பது வருடக் கம்பியையும் ஐந்து வருட ஆப்பையும் ஒரே பெட்டியில் கட்டிப்போட எனக்குத் துணிவு வரவில்லை.

அப்புறம் இடி. ஐப்பசி வந்தால் இங்கே சாயங்காலம் தவறாது. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள் துலாவர்ஷம் என்பார்கள். பக்கத்தில் இடி விழுந்தால் வீடெல்லாம் ஓடும் நீளக் கம்பியும் அந்த அடியில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஒரே பெட்டியென்றால் ஐந்து அறையும் ஊமை, அதுவும் அரை லட்சத்துக்கு மேல். எனக்கு ஒரு ஆம்ப் போனால் ஒரு அறைதான்.

நான் போட்டது டிபிஏ3116 சிப் வைத்த சின்ன கிளாஸ்-டி (மின்சாரத்தை வீணாக்காத வகை) ஆம்ப்கள், 24 வோல்ட் அடாப்டரோடு. ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. பாட்டு ப்ளூடூத்தில் வரும், அல்லது பழைய ஃபோனைக் கம்பியில் செருகலாம். காலையில் சமையலறையில் திருநெல்வேலி வானொலி, நியூஸ் ஆன் ஏர் ஆப் வழியாக.

சிக்கனம் பார்த்து நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரே ஆம்பில் மூன்று அறையையும் கோர்த்தேன். ஓம் குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். இரண்டு 8 ஓம் பேரலலில் 4 ஆகும், அதுவரை தாங்கியது. மூன்றாவதைச் சேர்த்ததும் 2.7க்கு இறங்கியது, பாட்டு பாதியில் கட். தொட்டால் இட்லிப் பானை மூடி. தனித்தனி ஆம்ப் என்ற புத்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

வராந்தா ஜோடி இன்னும் பேசவில்லை. புது ஸ்பீக்கர் வாங்கலாம் என்றால் சீலிங்கில் அதற்கு வேண்டிய ஓட்டையின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, அதனால் பழையதன் கோனையும் காயிலையும் மாற்றித் தரச் சொல்லி அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன். மாடி அறைக் கம்பியின் முனையில் டேப் சுற்றி விட்டிருக்கிறேன். அங்கே பட்டன் பலகையைக் கழற்றிய குழியில் இப்போது குளவி மண் வைத்திருக்கிறது.